ஊருக்கே பாடம் சொன்ன தேரூர் வாத்தியார்!

நாகர்கோவில்:
செப்டம்பர் 5-ந்தேதி ஆசிரியர் தினம் வந்தால் போதும், நம்மை அடிச்ச வாத்தியாரும் அணைச்ச வாத்தியாரும் ஞாபகத்துக்கு வந்து விடுவார்கள். அதே செப்டம்பரில் குமரி மாவட்டத்துக்காரர்கள் மறக்கக்கூடாத இன்னொரு நாளும் உண்டு. 26-ந்தேதி, கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை மறைந்த நாள்.

ஊர் உலகத்துக்கு அவர் கவிஞர். ஆனால் 36 வருஷம் அவர் பார்த்த வேலை வாத்தியார் வேலைதான்.

மலையாளம் படித்த தமிழ்ப்பையன்

சுசீந்திரம் பக்கத்தில் உள்ள தேரூரில் 1876-ம் ஆண்டு ஜூலை 27-ந்தேதி பிறந்தார். அப்பா சிவதாணு பிள்ளை, அம்மா ஆதிலட்சுமி. 9 வயசிலேயே அப்பாவை பறிகொடுத்தார்.

அப்போது நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் மலையாளம்தான். வீட்டில் பேசுவது ஒன்று, பள்ளியில் படிப்பது இன்னொன்று. அந்த பையனுக்கு தமிழ் சொல்லிக் கொடுத்தவர், வாணன்திட்டு மடத்தில் இருந்த சாந்தலிங்க தம்பிரான். அந்த குரு மட்டும் கிடைக்காமல் போயிருந்தால், கவிமணி என்று ஒருத்தர் நமக்கு கிடைத்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

படித்து முடித்து அவரும் வாத்தியார் ஆனார். கோட்டாறு ஆரம்பப்பள்ளி, நாகர்கோவில் ஆசிரியர் பயிற்சிப்பள்ளி, திருவனந்தபுரம் பெண்கள் கல்லூரி என்று வேலை பார்த்தார். எழுத்து பழகும் பொடிசுகள், வாத்தியாராகப் போகிறவர்கள், கல்லூரி மாணவிகள் என எல்லாருக்கும் பாடம் சொன்ன அனுபவம் அவருக்கு உண்டு.

பசுவும் கன்றும்

அவருக்கு பிள்ளைகள் இல்லை. ஆனால் தமிழ்நாட்டு பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பாட்டு எழுதினார். காக்கா, கோழி, கிளி என்று குழந்தை தினமும் பார்ப்பதுதான் அவருடைய பாட்டில் வரும். தோட்டத்தில் மேயும் வெள்ளைப்பசுவையும் துள்ளி ஓடும் கன்றையும் பற்றிய பாட்டை படிக்காமல் ஒன்றாம் வகுப்பை தாண்டாதவர்கள் நிறைய பேர்.

அந்த பாட்டில் அர்த்தம் கேட்க வேண்டிய வார்த்தை ஒன்றுகூட கிடையாது. தாய்ப்பாசம் பற்றி புத்திமதியும் கிடையாது. பசு கன்றை நக்குகிறது, கன்று பால் குடிக்கிறது, அவ்வளவுதான். மீதியை குழந்தையே புரிந்து கொள்ளும். தனக்கு தெரிந்ததை எல்லாம் கொட்டாமல், பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் வைத்துக் கொடுப்பவர்தானே நல்ல வாத்தியார்?

நடுத்தெருவில் நின்ற பெண்கள்

அவர் பாடம் சொன்னது பள்ளிப்பிள்ளைகளுக்கு மட்டும் அல்ல. நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களில் அந்தக்காலத்தில் மருமக்கள் வழி என்ற முறை இருந்தது. ஒருத்தர் செத்துப் போனால் சொத்து அவருடைய சகோதரி பிள்ளைகளுக்கு போய்விடும். பெண்டாட்டியும் சொந்த பிள்ளைகளும் கையை பிசைந்து கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இந்த கொடுமையை வைத்து 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' எழுதினார். 1917-ம் ஆண்டு 'தமிழன்' பத்திரிகையில் தொடராக வரத்தொடங்கியது. கதை சொல்பவள், ஒரு குடும்பத்து காரணவருக்கு ஐந்தாவதாக வாக்கப்பட்டவள். படித்தவர்கள் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் சுருக்கென்று தைத்தது. சொந்த ஜனங்களின் குறையை அவர்கள் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

மனைவி, மக்களுக்கு சொத்துரிமை கேட்டு ஊரிலும் பலர் குரல் கொடுத்து வந்தார்கள். கடைசியில் 1926-ல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. அந்த மாற்றத்துக்கு மனசுகளை தயார் பண்ணியதில் வாத்தியார் எழுதிய பாட்டுக்கும் பெரிய பங்கு உண்டு.

பார்க்காமல் போன நாள்

1931-ல் ஓய்வு பெற்று, மனைவி உமையம்மையின் ஊரான புத்தேரியில் குடியேறினார். 'மலரும் மாலையும்', 'ஆசிய ஜோதி' எல்லாம் அதற்குப் பிறகு வந்த புத்தகங்கள்தான். 1940-ல் சென்னையில் அவருக்கு கவிமணி பட்டம் கொடுத்தார்கள்.

திருவிதாங்கூர் தமிழ் பகுதிகள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்பது அவருடைய பெரிய ஆசை. போராட்டம் உச்சத்தில் இருந்த 1954-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந்தேதி, 78-வது வயதில் கண்ணை மூடினார். 1956 நவம்பர் 1-ந்தேதி குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை.

பள்ளியில் தமிழ் கிடைக்காமல் மடத்துக்கு போய் தமிழ் படித்த பையன் அவர். அவர் எழுதிய பாட்டை, பின்னாளில் அதே மண்ணில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து தமிழிலேயே படித்தார்கள். ஒரு வாத்தியாருக்கு இதைவிட பெரிய சம்பளம் என்ன இருக்கிறது?