வேலையை விட்டுத் தூக்கப்பட்ட மேனேஜர்... அவர் சேர்த்த அணிக்குக் கோப்பை! கான் ஸ்மைத் போட்ட ஒப்பந்தங்கள் சரியா, தப்பா?

வழக்கமாக ஜூலை 1ஆம் தேதி வந்தால் போதும். அமெரிக்கா, கனடாவில் இருக்கும் ஐஸ் ஹாக்கி ரசிகர்கள் செல்போனும் கையுமாக உட்கார்ந்துவிடுவார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்த வீரர்கள், அதாவது ஃப்ரீ ஏஜென்ட்டுகள், தங்களுக்குப் பிடித்த அணியோடு கையெழுத்துப் போடத் தொடங்கும் நாள் அது. நம்ம ஊரில் ஐபிஎல் ஏலத்தன்று இருக்கும் அதே பரபரப்புதான்.

யாரை எடுப்பது, எவ்வளவு கொடுப்பது, யாரை வேண்டாம் என்பது எல்லாம் அணியின் ஜெனரல் மேனேஜர் கையில். அன்று சாயங்காலத்துக்குள்ளேயே அவருக்கு மார்க் போட்டு முடித்துவிடுவார்கள். ஆனால் ஒரு ஒப்பந்தம் நல்லதா கெட்டதா என்பது ஒரே நாளில் தெரிந்துவிடுமா? சுமார் 100 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வீரரை வேண்டாம் என்று சொன்னதற்காகவே வேலையை இழந்த ஒரு மேனேஜரின் கதையைப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும்.

யார் இந்த கான் ஸ்மைத்?

1895 பிப்ரவரி 1ஆம் தேதி கனடாவின் டொராண்டோ நகரில் பிறந்தவர் கான் ஸ்மைத். டொராண்டோ பல்கலைக்கழகத்தில் இன்ஜினீயரிங் படித்தபோதே ஹாக்கி அணியின் கேப்டன். முதல் உலகப்போரில் பீரங்கிப் படையில் சேர்ந்து வீரப் பதக்கம் வாங்கினார். பிறகு விமானப்படைக்குப் போனார். 1917ல் அவர் விமானம் சுட்டு வீழ்த்தப்பட, ஓராண்டுக்கு மேல் ஜெர்மனியில் போர்க்கைதியாக இருந்தார்.

ஊர் திரும்பியதும் மணல், ஜல்லி வியாபாரம். கூடவே பல்கலைக்கழக ஹாக்கி அணிக்குப் பயிற்சி. அந்த அணி பாஸ்டன் பக்கம் போய் ஆடிய விதம் அங்கிருந்த பெரிய தலைகளின் கண்ணில் பட்டது. அப்படித்தான் 1926ல் நியூயார்க்கிலிருந்து அழைப்பு வந்தது.

ஒரே கோடையில் ஒரு முழு அணி

நியூயார்க் ரேஞ்சர்ஸ் என்ற புது அணி என்ஹெச்எல் லீகில் நுழைய இருந்தது. உரிமையாளர்களிடம் பணம் இருந்தது, அரங்கம் இருந்தது. வீரர்கள்தான் இல்லை. ஒரே கோடைக்காலத்தில் முழு அணியையும் சேர்த்துத் தர வேண்டும் என்பதுதான் ஸ்மைத்துக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

அவருக்கு ஒரு அதிர்ஷ்டமும் இருந்தது. அதே 1926ல் மேற்குக் கனடாவின் தொழில்முறை லீக் இழுத்து மூடப்பட்டது. நல்ல வீரர்கள் பலர் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தார்கள். இன்றைய ஃப்ரீ ஏஜென்ட் சீசன் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

மற்ற அணிகள் முந்துவதற்குள் பில் குக், பன் குக் சகோதரர்களை ஸ்மைத் மடக்கிவிட்டார். அவர்களோடு சேர்ந்து ஆட ஃபிராங்க் பூஷேவை எடுத்தார். தடுப்பு ஆட்டத்துக்கு மினியாபோலிஸிலிருந்து சிங் ஜான்சன், டாஃபி ஏபெல். கோல் கம்பத்துக்கு லோர்ன் ஷபோ. இவர்களில் பலரின் பெயர் அன்று நியூயார்க் ரசிகர்களுக்குத் தெரியவே தெரியாது.

பிரச்னை ஆரம்பித்ததும் அங்கேதான்.

வேண்டாம் என்று சொன்ன ஒரு பெயர்

டொராண்டோ செயின்ட் பேட்ரிக்ஸ் அணியின் நட்சத்திரம் பேப் டை. கோல் அடிப்பதில் அந்தக் காலத்தின் முன்னணி வீரர்களில் ஒருவர். அவரை விலைக்கு வாங்க வாய்ப்பு வந்தது. ஸ்மைத் மறுத்துவிட்டார். அணியோடு சேர்ந்து ஆடும் ஆள் அவர் இல்லை என்பது ஸ்மைத்தின் கணக்கு. பேர் தெரியாதவர்களை எல்லாம் சேர்த்துவிட்டு ஒரு ஸ்டாரை விட்டுவிட்டாரே என்று அணித் தலைவர் கர்னல் ஜான் ஹேமண்டுக்குக் கோபம். சீசன் தொடங்கும் முன்பே ஸ்மைத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அனுபவசாலியான லெஸ்டர் பேட்ரிக்கைக் கொண்டு வந்தார்.

சரி, யார் கணக்கு சரி?

முதல் சீசனில் பார்த்தால் ஹேமண்ட் பக்கம்தான் நியாயம் போலத் தெரியும். சிகாகோவுக்குப் போன பேப் டை 25 கோல் அடித்தார். ஆனால் அடுத்த சீசனுக்கான பயிற்சி முகாமில் அவருக்குக் கால் முறிந்தது. அதன் பிறகு பழைய பேப் டையை யாரும் பார்க்கவில்லை.

மறுபக்கம், ஸ்மைத் சேர்த்த ரேஞ்சர்ஸ் முதல் சீசனிலேயே தன் பிரிவில் முதலிடம். அந்த ஆண்டு லீகிலேயே அதிக கோல் அடித்தவர் பில் குக். 1928ல், தொடங்கிய இரண்டாவது சீசனிலேயே, ஸ்டான்லி கோப்பை நியூயார்க்குக்கு வந்துவிட்டது. கோப்பையைத் தூக்கியபோது மேனேஜர் நாற்காலியில் இருந்தவர் பேட்ரிக். அணியின் முதுகெலும்போ ஸ்மைத் சேர்த்தது.

கால் முறியும் என்று ஸ்மைத்துக்கு ஜோசியம் தெரியாது, உண்மைதான். அந்த விஷயத்தில் அதிர்ஷ்டமும் அவர் பக்கம் நின்றது. ஆனால் தனி ஒரு ஸ்டாரை விட ஒருவருக்கொருவர் பொருந்தி ஆடும் ஆட்கள் முக்கியம் என்ற அவருடைய அடிப்படைக் கணக்கு தப்பவில்லை. குக் சகோதரர்களும் பூஷேவும் பத்தாண்டுகள் ஒரே வரிசையில் ஆடியதே அதற்குச் சாட்சி.

குதிரை கொடுத்த பணம்

நியூயார்க் துரத்திய ஸ்மைத், 1927 பிப்ரவரியில் சில முதலீட்டாளர்களோடு சேர்ந்து டொராண்டோ செயின்ட் பேட்ரிக்ஸ் அணியை 1,60,000 டாலருக்கு வாங்கினார். பெயரை மேப்பிள் லீஃப்ஸ் என்று மாற்றினார்.

1930ல் ஒட்டாவா அணி பணக் கஷ்டத்தில் தவித்தபோது, அதன் தடுப்பாட்டக்காரர் கிங் கிளான்ஸி மீது ஸ்மைத்துக்குக் கண். விலை 35,000 டாலர், கூடவே இரண்டு வீரர்கள். அன்றைக்கு இது மிகப்பெரிய தொகை. பொருளாதார மந்தம் ஆரம்பித்த நேரம் வேறு. அணியின் இயக்குநர்கள் முழுப் பணத்தையும் தரத் தயாராக இல்லை.

ஸ்மைத்துக்குக் குதிரைப் பந்தயத்தில் ஆர்வம் உண்டு. அவரிடம் ரேர் ஜுவல் என்றொரு குதிரை. ஜெயிக்கும் என்று யாருமே நம்பாத அந்தக் குதிரை 1930 செப்டம்பரில் டொராண்டோவின் வுட்பைன் மைதானத்தில் ஜெயித்தது. பரிசும் பந்தயப் பணமுமாக 10,000 டாலருக்கு மேல் கையில் வந்தது. அதைப் போட்டுத்தான் கிளான்ஸியை வாங்கினார்.

பலன்? 1931 நவம்பரில் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் என்ற புது அரங்கம் திறக்கப்பட்டது. 1932ல் கோப்பை. கிளான்ஸி அடுத்தடுத்து நான்கு சீசன்களில் லீகின் ஆல்ஸ்டார் அணிகளில் இடம்பிடித்தார். அன்று ரொம்ப அதிகம் என்று சொல்லப்பட்ட விலை, ஹாக்கி வரலாற்றின் சிறந்த பேரங்களில் ஒன்றாகப் பேசப்படுகிறது.

அவரே சறுக்கிய இடம்

எல்லாக் கணக்கும் சரியாக இருந்ததா என்றால், இல்லை.

இரண்டாம் உலகப்போர் வந்ததும் ஸ்மைத் மறுபடி ராணுவத்துக்குப் போனார். அப்போது அவருக்கு வயது 45ஐத் தாண்டிவிட்டது. அவர் கடல் கடந்து இருந்த 1943ல், அணியைப் பார்த்துக்கொண்டிருந்த ஃபிராங்க் செல்கி ஒரு முடிவெடுத்தார். ஃபிராங்க் எட்டோல்ஸ் என்ற இளம் வீரரை மாண்ட்ரியலுக்குக் கொடுத்துவிட்டு, டெட் கென்னடி என்ற 17 வயதுப் பையனை வாங்கினார். தன்னைக் கேட்காமல் செய்ததால் ஸ்மைத்துக்குக் கடுங்கோபம்.

அந்தக் கென்னடிதான் பின்னாளில் அணியின் கேப்டன் ஆனார். டொராண்டோவுக்காக 5 கோப்பைகள் வென்றார். ஸ்மைத்துக்கே பிடித்தமான வீரராகவும் மாறினார். ஆனால் செல்கியோடு விழுந்த விரிசல் ஒட்டவே இல்லை. 1946ல் செல்கி கிளம்பி மாண்ட்ரியலுக்குப் போனார். அங்கே மேனேஜராக 6 கோப்பைகள்! தன்னை நியூயார்க் எப்படி இழந்ததோ, அப்படியே செல்கியை ஸ்மைத் இழந்தார்.

கையெழுத்துப் போட்டால் வெளியேற வழியில்லை

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஸ்மைத் காலத்தில் ஒரு வீரர் ஒருமுறை கையெழுத்துப் போட்டால், அணி விடும்வரை அவர் அந்த அணிக்குச் சொந்தம். காலம் முடிந்தாலும் வேறு அணிக்குப் போக முடியாது. இன்று இருக்கும் ஃப்ரீ ஏஜென்ட் உரிமை 1970களில்தான் மெல்ல வரத் தொடங்கியது.

1957ல் வீரர்கள் சங்கம் அமைக்க முயன்றார்கள். அதில் முன்னால் நின்ற டொராண்டோ வீரர் ஜிம்மி தாம்சன், கடைசி இடத்தில் கிடந்த சிகாகோவுக்கு விற்கப்பட்டார். அதற்குப் பின்னால் இருந்தது ஸ்மைத்தின் கோபம். ஆட்டத்துக்கும் அந்த முடிவுக்கும் சம்பந்தமே இல்லை.

ஹெர்ப் கார்னகி என்ற கறுப்பின வீரரின் கதை இன்னும் வலிப்பது. டொராண்டோவிலேயே வளர்ந்த திறமைசாலி. நிறத்தின் காரணமாக ஸ்மைத் தன்னை எடுக்கவில்லை என்று பயிற்சியாளர் மூலம் தெரிந்துகொண்டதாக அவர் பிற்காலத்தில் எழுதினார். என்ஹெச்எல் லீகில் ஒரு போட்டியில்கூட ஆடாமலேயே அவர் காலம் முடிந்தது. 2022ல், இறந்து 10 ஆண்டுகள் கழித்து, ஹாக்கியின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

அப்போ, எத்தனை மார்க்?

1932 முதல் 1951 வரை டொராண்டோவுக்கு 7 கோப்பைகள். 1961ல் ஸ்மைத் அணியைக் கைமாற்றினார். 1965லிருந்து, பிளேஆஃப் சுற்றின் சிறந்த வீரருக்கு அவர் பெயரில்தான் விருது. 1980 நவம்பர் 18ஆம் தேதி காலமானார்.

ஒரு மேனேஜரின் ஒப்பந்தங்களை எடைபோட நினைப்பவர்களுக்கு இந்த வாழ்க்கை சொல்லும் பாடம் இதுதான். பேரையும் போன வருஷக் கோல் கணக்கையும் மட்டும் பார்க்காதீர்கள். அந்த வீரர் யாரோடு சேர்ந்து ஆடப்போகிறார், அவருக்காக எதை விட்டுக்கொடுத்தார்கள், இரண்டு மூன்று ஆண்டு கழித்து அணி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதோடு, எடுக்கப்பட்டவர்களின் பட்டியலோடு நிறுத்தாமல், எடுக்காமல் விடப்பட்டவர்களையும் கேளுங்கள். பேப் டையை விட்டது ஆட்டத்தைப் பார்த்து எடுத்த முடிவு. கார்னகியும் அவர் காலத்துக் கறுப்பின வீரர்களும் லீகுக்கு வெளியே நின்றதற்கு ஆட்டம் காரணம் இல்லை.