உடலின் காசைக் கண்டவர்: எல்லாப்பிரகட சுப்பாராவ்

எமது உடலின் கலங்கள் எல்லாம் ஒரே காசில்தான் செலவு செய்கின்றன. விரலை அசைப்பதற்கும் இதயம் துடிப்பதற்கும் கொடுபடுவது ஏ.ரி.பி. என்ற சிறிய மூலக்கூறு. அதை முதலில் கண்டறிந்தவர்களில் ஒருவர் சென்னையில் வைத்தியம் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அவர் 1895 ஜனவரி 12இல், அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில், வசதி குறைந்த தெலுங்குக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். மெட்ரிக்குலேசனில் இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவை சித்தியடைந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது, காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர்த் துணியில் சத்திரசிகிச்சை மேலங்கி அணிந்தார். அது பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. முழுப் பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். என்ற குறைந்த சான்றிதழே கைக்கு வந்தது. அதற்குள் அவரது சகோதரர்கள் இருவர் ஸ்ப்ரூ என்ற குடல் நோயால் அடுத்தடுத்து இறந்திருந்தனர்.

1922இல் மனைவி சேஷகிரியை ஊரில் விட்டுவிட்டுப் பொஸ்ரன் போய்ச் சேர்ந்தார். பகலில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் படிப்பு. இரவில் வைத்தியசாலையில் நோயாளரின் மலசலப் பாத்திரம் கழுவும் வேலை. பட்டத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு மொன்றியலின் உணவகங்களில் கோப்பை கழுவிய எம்மவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஹாவார்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் எவ்வளவு பொஸ்பரசு இருக்கிறது என்று நீல நிறத்தைக் கொண்டு அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். ஆய்வுகூடங்கள் அதைப் பல தசாப்தங்கள் பயன்படுத்தின. கணக்குச் சரியாக வைத்தால் மறைந்திருப்பது தெரியவரும் என்பது எமது தொழிலில் நாம் அறிந்தது. அந்த அளவைதான் அவர்களைத் தசைக்குள் அழைத்துப் போனது. 1927இல் பொஸ்போகிரியேற்றின் கண்டுபிடிப்பு வெளிவந்தது. அது தசையின் அவசரச் சேமிப்பு. 1929இல் ஏ.ரி.பி. அதே ஆண்டில் ஜேர்மனியில் கார்ல் லோமனும் அதைத் தனியாகக் கண்டறிந்தார்.

எந்த நேரத்திலும் உடலில் கையிருப்பாக உள்ள ஏ.ரி.பி. மிகக் கொஞ்சம். ஒரு நாளில் புரள்வதோ ஏறக்குறைய எமது உடல் எடையளவு. செலவழிந்த காசை இடைவிடாமல் திரும்ப அச்சடிப்பது எது?

அதற்கு விடை சொல்ல எமது ஊர் ஆறே போதும். ரொக்ஸ்பரோவின் கரையோரம் ஓடும் பிரேரி ஆறு, கிழக்கே மொன்றியலுக்கும் லாவலுக்கும் நடுவில் அணையால் மறிக்கப்படுகிறது. ஒரு பக்கத்தில் உயர்ந்து நிற்கும் நீர், சுழலி வழியே இறங்கும்போது மின்சாரம் பிறக்கிறது. கலத்துக்குள் இருக்கும் இழைமணியிலும் இப்படித்தான். உணவிலிருந்து வரும் இலத்திரன்கள் படிப்படியாக ஒட்சிசனிடம் போய்ச் சேர்கின்றன. வழியில் வெளிப்படும் சக்தி, உள்மென்சவ்வுக்கு அப்பால் புரோத்தன்களைத் தள்ளிக் குவிக்கிறது. மென்சவ்வுதான் அணை. குவிந்த புரோத்தன்கள் திரும்பி வர, சுழலி போன்ற ஒரு நொதியமே முக்கிய வழி. அது சுழலச் சுழல, செலவழிந்த மூலக்கூறில் மீண்டும் ஒரு பொஸ்பேற்று ஒட்டி ஏ.ரி.பி. ஆகிறது.

இதை 1961இல் முன்வைத்தவர் ஆங்கிலேயரான பீற்றர் மிச்சல். நெடுங்காலம் பலர் ஏற்கவில்லை. 1978இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சுப்பாராவ் அந்த விடையை அறியாமலே போய்விட்டார். ஹாவார்ட் அவருக்கு நிரந்தரப் பதவி கொடுக்கவில்லை. 1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவரது குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. சகோதரர்களைக் கொண்டுபோன ஸ்ப்ரூ நோய்க்கு அது மருந்தாயிற்று. யானைக்கால் நோய்க்கான ஹெற்றராசான், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயை முதன்முதல் தணியவைத்த அமினொப்டெரின் ஆகியவையும் அக்குழுவின் உழைப்பே. 1948 ஓகஸ்ட்டில், 53 வயதில், நியூயோர்க் மாநிலத்தில் நித்திரையிலேயே அவர் உயிர் பிரிந்தது. இறுதிவரை அமெரிக்கக் குடியுரிமை பெறவில்லை. சேஷகிரியை மறுபடி காணவும் இல்லை.

அந்த அம்மா காத்திருந்த 26 ஆண்டுகளை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எமக்குத் தெரியவில்லை. ஆனால் சீஜெப்பில் உயிரியல் படிக்கும் எமது பிள்ளைகள் ஏ.ரி.பி. பற்றி மனப்பாடம் செய்யும்போது, இந்தப் பெயரையும் அவர்களுக்குச் சொல்லி வைப்போம். பாடப்புத்தகத்தில் அது பெரும்பாலும் இருக்காது.