பிடியரிசியும் பள்ளிக்கூடமும்

சங்கரன்கோவில் பிராந்தியத்தில், மலையடிவாரத்து ராயகிரி போன்ற ஊர்களில் புத்திசாலிப் பிள்ளை ஒருவன் படிப்பை விட்டுக் கூலிக்குப் போனானென்று கேட்டால், பள்ளியைக் குறை கூறுவது நமது வழக்கம். நல்ல பள்ளி இருந்தால் மட்டும் போதுமா? ராயகிரிக்கு வெகுதூரமில்லாத விருதுநகரில் பிறந்த ஸ்ரீ காமராஜரின் வாழ்க்கை இதற்கு விடை கூறுகிறது.

அவர் 1903-ம் வருஷம் ஜூலை 15-ந் தேதி பிறந்தார். அவர் பயின்ற க்ஷத்திரிய வித்தியாசாலை 1889-ல் ஸ்தாபிக்கப்பட்டது. கோயில்களிலும் பிரவேசம் மறுக்கப்பட்டிருந்த அக்காலத்தில், விருதுநகர் நாடார் சமூகத்தார் வீடுதோறும் உலையிடுமுன் எடுத்து வைத்த பிடியரிசியைக் கொண்டு அதைப் போஷித்தனர். பிள்ளைகளுக்குச் சம்பளமில்லை. தாழ்த்தி வைக்கப்பட்ட மக்கள் தம் கையாலேயே கட்டிக்கொண்ட ஏணி அது.

எனினும் அந்த ஏணியில் காமராஜரால் நெடுந்தூரம் ஏற முடியவில்லை. ஆறாம் வயதில் தந்தையார் காலஞ்சென்றார். தாயார் சிவகாமி அம்மாளின் நகைகளே குடும்பத்திற்கு ஆதாரமாயின. பன்னிரண்டு வயதளவில் சிறுவன் படிப்பை நிறுத்தித் தாய்மாமனின் ஜவுளிக்கடைக்குச் சென்றான். பள்ளியின் கதவு திறந்தேயிருந்தது. வீட்டு வறுமைதான் அவனை வெளியே இழுத்தது.

பிற்காலத்தில் அவர் தேச சேவையில் ஈடுபட்டு, 1930-ம் வருஷத்து உப்பு சத்தியாக்கிரகம் முதலாகப் பலமுறை சிறை புகுந்தார். அங்கே நூல்களைப் பயின்றார். சிறையே அவருக்குக் கலாசாலையாயிற்று என்று நாம் புகழலாம். ஆயினும் ஆயிரத்தில் ஒருவருக்குக் கைகூடுவதை எல்லோருக்கும் விதியாக்குவது நியாயமாகாது. அதை அவரும் நன்குணர்ந்திருந்தார் என்பதற்கு அவருடைய ஆட்சியே சாட்சி.

1954-ம் வருஷம் ஏப்ரலில் முதன்மந்திரியானதும், பள்ளி நேரத்தைக் குறைத்த முந்திய ஆண்டின் கல்வித் திட்டத்தைக் கைவிட்டார். குழந்தை நடந்து செல்லக்கூடிய தூரத்தில் பள்ளி வேண்டுமென்று கிராமந்தோறும் ஆரம்பப் பாடசாலைகளைத் திறப்பித்தார். 1955-ல் உதவிபெறும் பள்ளி ஆசிரியர்க்கு ஓய்வூதியம், சேமநிதி, காப்புறுதி மூன்றும் ஏற்பட்டன. கவலை நீங்கிய ஆசிரியரன்றோ கருத்தூன்றிக் கற்பிப்பார்! 1956-ல் பகலுணவுத் திட்டம் துவங்கிற்று. பணத்திற்கு எங்கே போவதென்று தயங்கியவர்கள் இருந்தனர். அரசினரின் பொருளோடு ஊராரின் உதவியும் சேர்ந்தது. விருதுநகரின் பிடியரிசி ராஜ்யம் முழுவதற்கும் பொதுவாயிற்று. கல்வி இலாகாத் தலைவர் ஸ்ரீ நெ. து. சுந்தரவடிவேலு கூட்டிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் கிராம ஜனங்கள் பலகைகளும் கட்டடங்களும் உவந்தளித்தனர்.

1963-ல் காமராஜர் பதவியைத் தாமே துறந்தார். 1975-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி அமரரானார். அவர் பிறந்த நாள் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2022-ல் தமிழகப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டியும் ஆரம்பமாயிற்று.

சர்க்கார் செய்ய வேண்டியதைச் சர்க்கார் செய்க. ஆனால் தகப்பனை இழந்த பிள்ளை எந்த வீட்டிலிருக்கிறான், எந்தப் பெண் அடுத்த வருஷம் பள்ளிக்கு வரமாட்டாள் என்பதை ஊராரே முதலில் அறிவர். பள்ளியின் தரத்தை உயர்த்துவது பாதி வேலை. அந்தப் பிள்ளை கடைசி வகுப்புவரை அதில் நிலைத்திருக்கச் செய்வது மறுபாதி. காமராஜருக்கு மாலையிடும் ஒவ்வோர் ஊரும், அவ்வாண்டு படிப்பை நிறுத்திய பிள்ளைகளின் பெயர்களை எண்ணிப் பார்த்து, அவர்களை மீண்டும் பள்ளியில் சேர்க்குமாயின், அதுவே அவருக்குச் செய்யும் உண்மையான மரியாதையாகும்.