சிறையில் கற்ற மொழி

கோவாவில் 1651இல் பிறந்த குருவானவர் யோசப் வாஸ், 1687இல் மாறுவேடத்தில் இலங்கை சென்றார். டச்சுக்காரர் ஆண்ட பகுதிகளில் அப்போது கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை. யாழ்ப்பாணத்தில் ஆயனின்றித் தவித்த இறைமக்களுக்கு இரகசியமாகத் திருப்பலி நிறைவேற்றினார்.

1692இல் கண்டிக்குச் சென்றார். போர்த்துக்கீசிய உளவாளியென ஐயுற்ற அரசன் அவரைச் சிறையிலிட்டான். அவர் மனம் கசக்கவில்லை. செபித்தார், தம்மை அடைத்தவர்களின் சிங்கள மொழியைக் கற்றார். 1697இல் அங்கே பெரியம்மை பரவியபோது, உறவினரே கைவிட்ட நோயாளிகளை மதம் பாராமல் பேணினார். சந்தேகித்த அரசனே அவரை மதித்தான். 1711இல் கண்டியிலேயே இறைவனடி சேர்ந்த அவர், 2015இல் புனிதராக உயர்த்தப்பட்டார்.

அன்பு இறைமக்களே, நம்மைத் தவறாக எண்ணுவோரின் மொழியைக் கற்கவும் நாம் தயாரா? நற்செய்திக்காக இன்றும் அயல்நாட்டுச் சிறைகளில் வாடுவோருக்காகச் செபிப்போம்.