பெரிய மூலக்கூறுகளுக்காகத் தனித்து நின்ற பேராசிரியர் ஹெர்மன் ஸ்டவுடிங்கர்

காலில் போடும் ரப்பர் செருப்பு, தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடம், கட்டிலில் பின்னிய நைலான் கயிறு, வண்டி டயர், மருத்துவமனையில் மருந்து ஏற்றும் குழாய் என்று பாலிமரால் ஆன பொருட்களை எண்ணி முடிக்க முடியாது. நம் பாடநூல்கள் இதைப் பலபடி என்கின்றன. நாம் உடுத்தும் பருத்தியும், உண்ணும் அரிசியிலுள்ள மாவுச்சத்தும், நம் உடலின் புரதங்களும் கூட இந்த வகையைச் சேர்ந்தவையே.

ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன்பு, இவை உள்ளே எப்படி அமைந்திருக்கின்றன என்பது பெரும் வேதியியல் அறிஞர்களுக்கே தெரியாது. தெரியாதது மட்டுமல்ல, தவறான விடை ஒன்றைச் சரியென்று அவர்களில் பெரும்பாலோர் நம்பிக்கொண்டும் இருந்தார்கள். அந்த நம்பிக்கையை எதிர்த்துப் பல ஆண்டுகள் ஏறத்தாழத் தனியாகவே நின்றவர் ஜெர்மனியைச் சேர்ந்த பேராசிரியர் ஹெர்மன் ஸ்டவுடிங்கர்.

தாவரம் விரும்பிய மாணவர்

1881 மார்ச் 23ஆம் தேதி, ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் ஸ்டவுடிங்கர் பிறந்தார். தந்தை ஃபிரான்ஸ் ஸ்டவுடிங்கர் தத்துவ ஆசிரியர். ஏழைத் தொழிலாளர்களுக்காகக் கூட்டுறவுப் பண்டகசாலைகள் வேண்டும் என்று எழுதியும் பேசியும் வந்தவர். மகனுக்குத் தாவரவியல் படிக்கத்தான் ஆசை. தாவரத்தைப் புரிந்துகொள்ள முதலில் வேதியியல் தெரிய வேண்டும் என்ற ஆலோசனையை ஏற்று வேதியியல் பக்கம் வந்தார். வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார்.

1903இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு ஸ்ட்ராஸ்பர்க்கில் பணியாற்றியபோது கீட்டீன் என்ற புதிய சேர்மக் குடும்பத்தைக் கண்டறிந்தார். 26 வயதில் கார்ல்ஸ்ரூஹே தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியர் பதவி கிடைத்தது. 1912இல், அன்று புகழின் உச்சியிலிருந்த ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர் விட்டுச் சென்ற இடத்திற்கு, சுவிட்சர்லாந்தின் சூரிச் தொழில்நுட்பக் கல்லூரி அவரை அழைத்துக்கொண்டது. இதே வழியில் சென்றிருந்தால் சிக்கலில்லாத, மதிப்பான வாழ்க்கை அவருக்கு உறுதியாக இருந்தது.

போரின் நடுவில் ஒரு கணக்கு

முதல் உலகப் போர் நடந்தபோது அவர் நடுநிலை நாடான சுவிட்சர்லாந்தில் இருந்தார். 1917இல் அமெரிக்காவும் போரில் இறங்கியது. ஸ்டவுடிங்கர் இரு தரப்பின் தொழில் வளத்தையும் எரிபொருள் வளத்தையும் ஒப்பிட்டுக் கணக்குப் போட்டார். ஜெர்மனியால் வெல்ல முடியாது, போரை நீட்டுவது உயிர்ப்பலியைத்தான் கூட்டும் என்பது அவர் கண்ட முடிவு. அதைக் கட்டுரையாக வெளியிட்டார். ஜெர்மன் இராணுவத் தலைமைக்கும் தெரிவித்தார்.

நச்சு வாயுப் போரைப் பற்றியும் அவர் மௌனமாக இருக்கவில்லை. வேதியியல் தெரிந்தவர்களுக்குத்தான் அதன் கொடுமை முழுமையாகத் தெரியும், எனவே எச்சரிக்க வேண்டிய பொறுப்பு அவர்களுக்கே அதிகம் என்று கருதினார். செஞ்சிலுவைச் சங்கத்தின் இதழில் 1919இல் இதை எழுதினார். ஜெர்மனியின் நச்சு வாயுப் போருக்குத் தலைமை தாங்கிய ஃபிரிட்ஸ் ஹாபர், சொந்த நாட்டுக்கே கேடு செய்துவிட்டார் என்று அவர் மீது குற்றம் சாட்டினார். ஹாபர் சாதாரண ஆள் அல்ல. நோபல் பரிசு பெற்றவர், அரசிடம் செல்வாக்கு மிக்கவர். ஸ்டவுடிங்கர் தம் கருத்திலிருந்து பின்வாங்கவில்லை. இதற்கான விலையை அவர் 15 ஆண்டுகள் கழித்துக் கொடுக்க நேர்ந்தது.

சங்கிலி என்ற எண்ணம்

1920இல், தம் 39ஆவது வயதில், பலபடியாதல் பற்றி அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ரப்பர் போன்ற பொருட்கள் சிறு மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்த்துச் சேர்ந்த கும்பல் என்பதே அன்றைய பொதுக் கருத்து. ஒரு மூலக்கூறின் எடைக்கு எல்லை உண்டு, அது சுமார் 5000ஐத் தாண்டாது என்று பலர் நினைத்தார்கள். தண்ணீரின் மூலக்கூறு எடை 18 என்பதை நினைவில் கொண்டால் இந்த எண் புரியும்.

ஸ்டவுடிங்கர் வேறொன்று சொன்னார். சாதாரண மூலக்கூறுகளில் அணுக்களைப் பிணைக்கும் அதே வலுவான பிணைப்புதான் இங்கும் இருக்கிறது. சிறு அலகுகள் ஒன்றன்பின் ஒன்றாக நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கோக்கப்பட்டு ஒரே நீண்ட சங்கிலியாகின்றன. அந்தச் சங்கிலி முழுவதும் ஒரே மூலக்கூறு. 1922இல் இதற்குப் பெருமூலக்கூறு என்று பொருள்படும் மேக்ரோமூலக்கூறு என்ற பெயரையும் கொடுத்தார்.

இதைச் சோதிக்க அவர் எடுத்துக்கொண்டது ரப்பர். எதிர்த் தரப்பின் கூற்றுப்படி, ரப்பரிலுள்ள இரட்டைப் பிணைப்புகளிலிருந்து எழும் மெல்லிய ஈர்ப்பே சிறு மூலக்கூறுகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. அப்படியானால் ஹைட்ரஜனைச் சேர்த்து இரட்டைப் பிணைப்புகளை நீக்கிவிட்டால் ஈர்ப்பு போய், அந்தக் கும்பல் கலைந்து, காய்ச்சி வடிக்கக்கூடிய திரவம் கிடைக்க வேண்டும். அவரும் மாணவர் யாக்கோப் ஃபிரிட்ஷியும் செய்து பார்த்தார்கள். திரவம் வரவில்லை. ஹைட்ரஜன் ஏறிய பிறகும் அந்தப் பொருள் ரப்பரைப் போலவே கெட்டியாக இருந்தது. கும்பல் என்றால் கலைந்திருக்கும். சங்கிலி என்பதால் கலையவில்லை.

எதிர்ப்பு

சோதனை முடிவைக் காட்டிய பிறகும் எதிர்ப்பு அடங்கவில்லை. எக்ஸ் கதிர் கொண்டு செல்லுலோஸை ஆராய்ந்தவர்கள், அதில் திரும்பத் திரும்ப வரும் அமைப்பு மிகச் சிறியது, ஆகவே மூலக்கூறும் சிறியதாகத்தான் இருக்க வேண்டும் என்றார்கள். ஒரு பாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் திரும்பத் திரும்ப வரும் பின்னல் விரற்கடை அளவுதான். அதற்காகப் பாயின் பாவு நூலும் விரற்கடை நீளம்தான் என்று சொல்ல முடியுமா? நீண்ட சங்கிலி அந்தச் சிறு அமைப்புகள் பலவற்றின் வழியாக ஓடலாம் என்பது பின்னர்தான் தெளிவானது.

1926இல் டுசெல்டார்ஃபில் நடந்த அறிவியல் மாநாட்டில் இரு தரப்பும் நேருக்கு நேர் வந்தன. தலைமை தாங்கியவர் வில்ஸ்டேட்டர். ஸ்டவுடிங்கரின் சான்றுகளைக் கேட்ட பின், இவ்வளவு பெரிய மூலக்கூறு என்ற எண்ணம் தமக்கு உவப்பாக இல்லாவிட்டாலும் பழகிக்கொள்ளத்தான் வேண்டும் என்ற நிலைக்கு அவர் வந்தார். ஆனால் எல்லோரும் அப்படி வரவில்லை. அதே ஆண்டு ஸ்டவுடிங்கர் ஃபிரைபர்க் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அங்கு அவருக்கு முன்பு இருந்த ஹைன்ரிஷ் வீலண்ட், பெரிய மூலக்கூறு என்ற எண்ணத்தையே விட்டுவிடும்படியும், ரப்பரை நன்கு சுத்தம் செய்தால் அது படிகமாகி உண்மை தெரிந்துவிடும் என்றும் நல்லெண்ணத்தோடு அறிவுரை கூறினார். ஸ்டவுடிங்கர் அதை ஏற்கவில்லை.

மூலக்கூறு எடையை அளக்க நவீன மையவிலக்குக் கருவி தேவைப்பட்டது. அது அவருக்குக் கிடைக்கவில்லை. அதனால் எளிய வழி ஒன்றைப் பிடித்தார். ஒரு கைப்பிடி எள்ளைத் தண்ணீரில் போட்டால் தண்ணீர் எளிதாக ஓடும். அதே அளவு நூல் துண்டுகளைப் போட்டால் ஓட்டம் தடைப்படும். அதுபோல, கரைசல் ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் எவ்வளவு மெதுவாக இறங்குகிறதோ, அந்த அளவுக்குச் சங்கிலி நீளம் என்று கணக்கிட்டார். பாகுநிலைக்கும் மூலக்கூறு எடைக்கும் உள்ள இந்தத் தொடர்பை 1930இல் விதியாக வகுத்தார். பின்னர் திருத்தப்பட்ட வடிவில் அது இன்றும் பாலிமர் ஆய்வகங்களில் பயன்படுகிறது.

ஏன் திருத்தப்பட்டது? சங்கிலிகள் விறைப்பான குச்சிகளைப் போன்றவை என்று ஸ்டவுடிங்கர் எண்ணினார். ஹெர்மன் மார்க், வெர்னர் கூன் போன்றோர் அவை வளைந்து சுருளக்கூடியவை என்றார்கள். இதில் அவர்கள் சொன்னதே சரி. சங்கிலி உண்டு என்பதில் மற்றவர்களின் எதிர்ப்பை மீறி உண்மையைக் கண்டவர், அதன் வடிவம் பற்றி மற்றவர்கள் கண்ட உண்மையை ஏற்கத் தயங்கினார். பெரிய அறிஞர்களுக்கும் இது நேர்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆசிரியராக

அவரிடம் பயின்றவர்களின் பட்டியல் வியப்பூட்டும். கார்ல்ஸ்ரூஹேயில் அவரிடம் முனைவர் பட்டம் பெற்ற லியோபோல்ட் ருஷிச்கா 1939இலும், சூரிச்சில் அவரிடம் பட்டம் பெற்ற டாடியஸ் ரைக்ஸ்டைன் 1950இலும் நோபல் பரிசு பெற்றார்கள். ஆசிரியருக்கு அது கிடைத்தது 1953இல்தான். இன்னொரு மாணவர் ருடால்ஃப் சிக்னர், மரபுப் பொருளான டிஎன்ஏவும் ஒரு மாபெரும் நீண்ட மூலக்கூறே என்று 1938இல் ஸ்வீடன் அறிஞர்களுடன் சேர்ந்து காட்டினார். அவர் பிரித்தெடுத்துக் கொடுத்த டிஎன்ஏவைக் கொண்டுதான் லண்டனில் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் புகழ்பெற்ற எக்ஸ் கதிர்ப் படங்களை எடுத்தார்.

ஸ்டவுடிங்கரின் மனைவி மாக்டா வோய்ட், லாட்வியாவைச் சேர்ந்த தாவர உடலியல் அறிஞர். கணவரோடு சேர்ந்து பல கட்டுரைகளை எழுதியவர். உயிரின் இயக்கத்திற்கே பெருமூலக்கூறுகள் அடிப்படை என்ற திசையில் ஸ்டவுடிங்கர் சிந்தித்ததில் அவருக்கும் பங்குண்டு. இளமையில் விட்டுவந்த தாவரவியல் இப்படி அவரிடம் திரும்பி வந்தது.

அதிகாரத்தின் முன்

1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தார்கள். ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தின் தலைவரானவர் புகழ்பெற்ற தத்துவ அறிஞர் மார்ட்டின் ஹைடெக்கர். முதல் உலகப் போர்க்காலத்தில் ஸ்டவுடிங்கர் எடுத்த நிலைப்பாட்டையும், சுவிஸ் குடியுரிமையை நாடியதையும் அவர் அதிகாரிகளுக்குத் தெரிவித்துப் பதவி நீக்கம் செய்யப் பரிந்துரைத்தார். 1934இல் இரகசியக் காவல்துறை ஸ்டவுடிங்கரை விசாரித்தது. பதவி விலகல் கடிதம் எழுதி வாங்கி, தேவைப்படும்போது பயன்படுத்தலாம் என்று வைத்துக்கொண்டார்கள். சில மாதங்களுக்குப் பிறகே அது கைவிடப்பட்டது. வெளிநாட்டுப் பயணங்களுக்கும் பின்னர் தடைகள் வந்தன.

அந்த நெருக்கடியில் அவர் நாட்டின் தற்சார்புக்கு வேதியியல் எவ்வளவு முக்கியம் என்று ஆட்சியாளர்களுக்கு உவப்பான கட்டுரை ஒன்றை எழுதினார் என்பதும் வரலாற்றில் இருக்கிறது. 1917இல் துணிந்து பேசிய அதே மனிதர், 1934இல் வேலையையும் ஆய்வகத்தையும் காப்பாற்றிக்கொள்ளத் தலை தாழ்த்தினார். சுவிட்சர்லாந்திலிருந்து பேசுவதும் நாஜி ஜெர்மனிக்குள் இருந்து பேசுவதும் ஒன்றல்ல என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும். ஆனாலும் அதையும் சொன்னால்தான் ஒருவரின் வாழ்க்கையைச் சொன்னதாகும்.

1944 நவம்பர் 27ஆம் தேதி நடந்த விமானத் தாக்குதலில் ஃபிரைபர்க் நகரின் பெரும்பகுதியோடு அவருடைய ஆய்வகக் கட்டடமும் அழிந்தது. அப்போது அவருக்கு வயது 63. போர் முடிந்ததும் மீண்டும் தொடங்கினார். 1947இல் பெருமூலக்கூறு வேதியியலுக்கென்றே ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். 1951இல் ஓய்வு பெற்றார்.

இதற்குள் உலகம் அவர் பக்கம் வந்துவிட்டிருந்தது. அமெரிக்காவில் வாலஸ் கரோதர்ஸ், சிறு மூலக்கூறுகளைப் படிப்படியாகக் கோத்து 1935இல் நைலானை உருவாக்கிக் காட்டியிருந்தார். 1953இல் ஸ்டவுடிங்கருக்கு வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டபோது அவருக்கு 72 வயது. முதல் கட்டுரை வந்து 33 ஆண்டுகள் கடந்திருந்தன. 1965 செப்டம்பர் 8ஆம் தேதி ஃபிரைபர்க்கில் அவர் காலமானார்.

இன்று பிளாஸ்டிக் கழிவு மலையாகக் குவிவதைப் பார்த்து நாம் கவலைப்படுகிறோம். அந்தக் கழிவு ஏன் எளிதில் மட்குவதில்லை என்ற கேள்விக்கும், மட்கும் பாலிமரை எப்படிச் செய்வது என்ற தேடலுக்கும் அவர் நிறுவிய அடிப்படையிலிருந்துதான் பதில் தொடங்குகிறது. மருத்துவமும் பொறியியலும் மட்டுமே படிப்பு என்று நம் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருக்கும் நாம், அடிப்படை அறிவியலில் ஆர்வம் காட்டும் பிள்ளையின் வழியை அடைக்காமல் இருந்தால் போதும். பேராசிரியர் சொல்வது தவறாக இருக்கலாம் என்று ஒரு மாணவன் சான்றோடு வந்து நின்றால், அவனை உட்காரச் சொல்லிவிடாமல் அந்தச் சான்றைக் கேட்போம்.