நூல்நிலையத் தந்தை சீர்காழி அரங்கநாதன்

நவராத்திரியின் ஒன்பதாம் நாளன்று நம் இல்லங்களில் ஏடுகளை அடுக்கி வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டுக் கலைமகளை வழிபடுகின்றோம். அன்று எவரும் படிப்பதில்லை. ஆயின் மறுநாள் விஜயதசமியன்று அவ்வேடுகளைக் கையிலெடுத்து நாலு வரியாவது வாசித்தாலன்றிப் பூசை நிறைவு பெறுவதில்லை. அடுக்கி வைத்தல் ஒரு நாளைக்கு. எடுத்துப் படித்தலோ ஆண்டு முழுமைக்கும். நம் முன்னோர் வழக்கமாக வைத்துப் போன இவ்வுண்மையை ஒரு சாத்திரமாக வகுத்து, உலகத்தார் ஏற்கும்படி செய்தவர் தமிழ்நாட்டறிஞர் ஒருவர். அவரே சீர்காழி இராமாமிருத அரங்கநாதன். மலைநாட்டிலே வாழும் நம்மவர் அவருடைய வரலாற்றை அறிந்துகொள்வது மிகவும் பயனுடையதாகும்.

பிறப்பும் கல்வியும்

திருஞானசம்பந்தப் பெருமான் அவதரித்த சீர்காழிப் பதியில் 1892ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அரங்கநாதன் பிறந்தார். தந்தையார் இராமாமிருத ஐயர் நிலபுலமுடையவர். ஊரார் கூடியிருக்க இராமாயணத்தை எடுத்துரைப்பவர். அன்னையார் சீதாலட்சுமி. மைந்தனுக்கு ஆறு வயதாயிருந்தபோதே தந்தையார் காலமானார். ஆசிரியராயிருந்த பாட்டனாரின் ஆதரவில் வளர்ந்து, சீர்காழியிலுள்ள சபாநாயக முதலியார் இந்து உயர்நிலைப் பள்ளியிற் பயின்றார். இளமையில் அவருக்கு நாத் திக்குவதுண்டு. அதனை மெல்ல மெல்ல வென்று, பின்னாளிற் பல நாட்டு அவைகளிலும் பேசும் வன்மை பெற்றார். குறையுள்ளவன் முன்னேற மாட்டான் என்று மனஞ்சோரும் இளைஞர்கள் இதனைக் கருத்தில் இருத்துக.

பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் சேர்ந்து 1913இல் பி. ஏ. பட்டமும், 1916இல் கணிதத்தில் எம். ஏ. பட்டமும் பெற்றார். அங்கே கணிதம் கற்பித்த பேராசிரியர் எட்வர்ட் ரொஸ் என்பாரை வாழ்நாள் முழுவதும் குருவாகப் போற்றினார். சைதாப்பேட்டையில் ஆசிரியப் பயிற்சி பெற்றபின் 1917 முதல் மங்களூர், கோயம்புத்தூர், சென்னை ஆகிய இடங்களில் அரசாங்கக் கல்லூரிகளிற் கணித ஆசிரியராகக் கடமையாற்றினார்.

வேண்டாமென்ற பதவி

அக்காலத்தில் சென்னைச் சர்வகலாசாலை தன் நூல்நிலையத்துக்கு ஒரு தலைவரை நியமிக்க விரும்பிற்று. ஏறக்குறைய 900 பேர் விண்ணப்பித்தனர். அரங்கநாதனுக்கோ அப்பதவியில் நாட்டமில்லை. ஆசிரியருக்குக் கிடைத்த குறைந்த சம்பளத்தைக் கண்டு நண்பர்கள் வற்புறுத்தவே அவரும் விண்ணப்பித்தார். நூல்நிலையம் பற்றி அவர் அறிந்திருந்ததெல்லாம் நேர்முகப் பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன் கலைக்களஞ்சியத்திற் படித்த ஒரு கட்டுரையளவே. எனினும் பதவி அவருக்கே கிட்டியது. 1924ஆம் ஆண்டு ஜனவரியிற் பொறுப்பேற்றார்.

மாணவர் கூட்டத்தின் நடுவிற் பழகியவருக்கு ஆளரவமற்ற அக்கூடம் சிறைபோல் தோன்றிற்று. சில நாட்களுக்குள்ளேயே பழைய கல்லூரிக்கு ஓடிச்சென்று, ஆசிரியத் தொழிலையே மீண்டும் தருமாறு வேண்டினார். இங்கிலாந்து சென்று நூல்நிலையப் பயிற்சி பெற்று வருக, அதன் பின்னரும் மனம் ஒப்பவில்லையாயின் ஆசிரியராகலாம் என்று உடன்பாடாயிற்று. அவ்வாண்டே கப்பலேறினார்.

இலண்டன் சர்வகலாசாலைக் கல்லூரியில் சேயர்ஸ் என்ற அறிஞர் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். அரங்கநாதன் வகுப்போடு நின்றுவிடாமல் நூற்றுக்கு மேற்பட்ட நூல்நிலையங்களை நேரிற் சென்று பார்த்தார். அங்கே நூல்நிலையம் பண்டிதருக்கு மட்டும் உரியதாயிருக்கவில்லை. கைத்தொழில் செய்வோரும், பெண்களும், சிறுவர்களும் தத்தமக்கு வேண்டிய நூலை உரிமையோடு பெற்றுச் சென்றனர். அக்காட்சி அவர் மனத்தை முற்றாக மாற்றிவிட்டது. வேண்டாமென்று ஓடிய பதவியையே தம் பிறவிப் பணியாக ஏற்றார்.

ஒரு நாள் கடையொன்றில் சிறுவர் விளையாட்டுப் பொருளொன்றைக் கண்டார். சில இரும்புத் துண்டுகளும் திருகாணிகளுமே அதிலிருந்தன. அவற்றை வேறு வேறு விதமாகப் பூட்டினால் பாலமும் ஆகும், வண்டியும் ஆகும். சில குறிகளை இவ்வாறே இணைத்து உலகத்திலுள்ள எல்லா நூல்களையும் வகைப்படுத்தலாகாதோ என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. 1925இல் தாயகம் திரும்பிய கப்பலிலிருந்த நூல்களை வைத்தே அம்முறையைச் சோதித்துப் பார்த்தார். அதுவே 1933இல் கோலன் பகுப்புமுறை என்ற பெயரில் நூலாக வெளிவந்தது.

ஐந்து விதிகள்

நூல்நிலையப் பணி பலவாய்ச் சிதறிக் கிடக்கின்றதே, இதற்கு அடிப்படையான விதிகள் இல்லையா என்று அரங்கநாதன் நெடுநாள் சிந்தித்தார். 1928இல் தம் குருவாகிய ரொஸ் அவர்களிடம் இதுபற்றி உரையாடியபோது முதல் விதி தெளிவாயிற்று. ஏனைய நான்கும் அதன் வழியே பிறந்தன. அதே ஆண்டில் அவருடைய முயற்சியாற் சென்னை நூலகச் சங்கம் தோன்றிற்று. ஐந்து விதிகளையும் விளக்கும் நூலை அச்சங்கம் 1931இல் வெளியிட்டது.

அவ்விதிகளின் கருத்தை நம் தோட்டத்து வாழ்வோடு பொருத்திப் பார்ப்போம். நூலின் பயன் வாசிக்கப்படுவதேயன்றிக் காக்கப்படுவதன்று என்பது முதலாவது. பூட்டிய அலுமாரி நூல்நிலையமாகாது. வாசிக்க வருபவர் யாராயினும் அவருக்கு ஏற்ற நூல் கிடைத்தல் வேண்டும் என்பது இரண்டாவது. கொழுந்து பறிக்கும் தாய்க்கும், பரீட்சை எழுதும் மகளுக்கும், ஓய்வு பெற்ற முதியவருக்கும் வேறு வேறு நூல் தேவை. எந்த நூலும் தன்னை நாடும் வாசகனின்றிக் கிடக்கலாகாது என்பது மூன்றாவது. வாசகனைக் காத்திருக்க வைத்தலாகாது என்பது நான்காவது. நாள் முழுதும் மலையில் வேலை செய்து திரும்புகிறவருக்குக் கிடைப்பது மாலையில் ஒரு மணி நேரமே. நூல்நிலையம் உயிருள்ள பொருள்போல் வளர்ந்துகொண்டேயிருக்கும் என்பது ஐந்தாவது. திறப்பு விழாவன்றிருந்த நூல்களே பத்தாண்டின் பின்னும் இருக்குமாயின் அது உயிரிழந்ததென்றே கொள்ளல் வேண்டும்.

எழுத்தறியாதவர்க்கும் நூல்நிலையத்தில் உரிமையுண்டென அவர் வாதாடியது நாம் குறிக்கத் தக்கது. அவர்களுக்குப் பிறர் வாசித்துக் காட்டுதல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

ஊர் தோறும் சென்ற வண்டி

வாசகன் நூலைத் தேடி வர இயலாதாயின் என்ன செய்வது? நூலே வாசகனைத் தேடிச் செல்ல வேண்டியதுதான். தஞ்சை மாவட்டத்து மன்னார்குடியில் 1931ஆம் ஆண்டு இக்கொள்கை செயலாயிற்று. கனகசபைப் பிள்ளை என்னும் அன்பர் மாட்டு வண்டியொன்றை நடமாடும் நூல்நிலையமாக அமைத்து உதவினார். காளைகள் இழுத்த அவ்வண்டி சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு நூல்களைச் சுமந்து சென்றது. அரசாங்கம் கட்டடம் எழுப்பட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. ஊரிலே வண்டி இருந்தது, மாடு இருந்தது, மனமும் இருந்தது. அதுவே போதுமாயிற்று.

ஆயினும் தனியார் தருமத்தை மட்டும் நம்பியிருந்தால் ஏழை ஊர்கள் என்றும் பின்தங்கியே நிற்கும் என்பதையும் அரங்கநாதன் உணர்ந்திருந்தார். 1930இலேயே பொது நூல்நிலையங்களுக்கு ஒரு மாதிரிச் சட்டத்தை வரைந்து காசி மாநகரில் நடைபெற்ற ஆசியக் கல்வி மாநாட்டின் முன் வைத்தார். பதினெட்டு ஆண்டுகள் சலியாது உழைத்த பின், கல்வி மந்திரி அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில், 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவில் இத்தகைய சட்டங்களுள் இதுவே முதலாவது. சொத்து வரியோடு நூலகத்துக்கென ஒரு சிறு பங்கும் அறவிடப்பட்டது. அதனால் நூல்நிலையம் செல்வர் இடும் பிச்சையாக இல்லாமல் மக்களின் உரிமைப் பொருளாயிற்று.

அதே 1948ஆம் ஆண்டில் இலங்கையில் இயற்றப்பட்ட பிரசாவுரிமைச் சட்டம் தோட்டங்களில் உழைத்த நம்மவருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று என்பதை ஈண்டு நினையாதிருக்க முடியவில்லை. கடலின் ஒரு கரையில் ஏழைக் கிராமவாசிக்கு நூலும் உரிமையாயிற்று. மறு கரையில் அவனுடைய உறவினனுக்கு ஊரே உரிமையில்லையாயிற்று. அக்குறை முற்றாக நீங்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் பணி செய்யத் தடையாயிருந்த விதியோ 2018இலேதான் திருத்தப்பட்டது. நம் லயங்களுக்கு நூல்நிலையம் வராததற்கு நம் சோம்பல் மட்டும் காரணமன்று.

துறவும் ஈகையும்

அரங்கநாதனின் வாழ்வில் துன்பம் இல்லாமலில்லை. 1928இல் முதல் மனைவியார் உருக்மிணி விபத்தொன்றில் மறைந்தார். அடுத்த ஆண்டு சாரதா அம்மையாரை மணந்தார். ஏறத்தாழ இருபதாண்டுகள் விடுமுறையே எடுக்காமல், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் உழைத்தார் என்பர். 1945இல் சென்னையிலிருந்து ஓய்வு பெற்று, காசி இந்து சர்வகலாசாலையிலும் பின்னர் டில்லிச் சர்வகலாசாலையிலும் பணி புரிந்தார். காசியில் ஏறக்குறைய ஓரிலட்சம் நூல்களைத் தாமே வகைப்படுத்தினார் என்றால் அவர் உழைப்பை என்னென்பது! 1957இல் இந்திய அரசாங்கம் பத்மஸ்ரீ விருதளித்தது. 1965இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியராக்கியது.

எளிய உடையும் எளிய உணவுமாக வாழ்ந்து சேமித்த ஓரிலட்சம் ரூபாவைச் சென்னைச் சர்வகலாசாலைக்கே வழங்கி, நூலகவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவியை நிறுவச் செய்தார். அதற்குத் தம் பெயரை மட்டும் இடாது மனைவியார் பெயரையும் சேர்த்துச் சாரதா அரங்கநாதன் எனப் பெயரிட்டார். 1962இல் பெங்களூரில் ஆராய்ச்சிப் பயிற்சி நிலையமொன்றைத் தொடங்கி, அந்நகரிலேயே 1972 செப்டெம்பர் 27ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

இலங்கையோடு அவருக்குள்ள தொடர்பு

யாழ்ப்பாணத்தில் செல்லப்பா என்னும் அன்பர் 1933இல் தம் இல்லத்திலிருந்தே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அச்சிறு விதையே யாழ்ப்பாணப் பொது நூல்நிலையமாக வளர்ந்தது. அதற்குப் புதிய கட்டடம் அமைக்க முனைந்தபோது ஆலோசனை கூறியவர் அரங்கநாதனே. கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது. 1981இல் அது எரியுண்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அரங்கநாதன் அதனைக் காண உயிரோடு இருக்கவில்லை. பின்னர் அது மீண்டும் எழுந்தது. நூல் எரியலாம், கட்டடம் இடியலாம். வாசிக்கும் பழக்கமுடைய மக்கள் இருப்பின் இரண்டையும் மீண்டும் ஆக்கிக்கொள்வர்.

நாம் செய்யத் தக்கது

இளைஞர்களே, பெரியோர்களே! லிந்துலையில் இருந்து மேலே ஏறும் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். மேல் டிவிசன் லயத்திலுள்ள சிறுமிக்கு நகரத்து நூல்நிலையம் இருந்தும் எட்டாத பொருளே. மழை நாளில் அவ்வளவு தூரம் நடந்து வந்து திரும்ப அவளால் இயலாது. பஸ்ஸுக்குப் பணமும் எப்போதும் இருப்பதில்லை. அவளுக்கு மன்னார்குடி வண்டியே தேவை.

அதற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. ஒரு மரப்பெட்டி, அதில் ஐம்பது நூல், அவற்றை எழுதிவைக்க ஒரு கொப்பி, பொறுப்பேற்க இரு இளைஞர் போதும். ஒரு டிவிசனில் ஒரு மாதம் இருந்த பெட்டியை அடுத்த டிவிசனுக்கு மாற்றினால் ஐந்து பெட்டிகள் ஐந்து நூல்நிலையங்களாகும். கொழுந்து நிறுத்து முடிந்து மக்கள் வீடு திரும்பும் மாலை வேளையிலும், ஞாயிற்றுக் கிழமையிலும் திறந்திருத்தல் வேண்டும். வாசிக்கத் தெரியாத பாட்டிமாருக்குப் பேரப்பிள்ளைகள் வாசித்துக் காட்டுக. பெண்கள் கூசாமல் வந்து நூலெடுக்கக் கூடிய இடமாக அது அமைய வேண்டும். நிருவாகத்தில் அவர்களுக்கும் இடமளிக்க வேண்டும்.

ஒன்றை மறைக்காமற் சொல்லிவிடுகிறோம். மாலையும் மேளமுமாகத் திறக்கப்பட்ட வாசிகசாலைகள் சில மாதங்களிற் பூட்டப்பட்டு, பின் சீட்டாடும் இடங்களாகிய கதை நாமறியாததன்று. நூல் தொலைந்துவிடும் என்ற அச்சத்தால் திறப்பை ஒருவர் மடியிற் கட்டிக்கொள்வதே பெரும்பாலும் அதன் தொடக்கம். பத்து நூல் தொலைந்தாலும் நாற்பது நூல் வாசிக்கப்பட்டால் இலாபமே. ஐம்பதும் பத்திரமாகப் பூட்டிக் கிடந்தால் முழு நட்டம். முதல் விதி இதுவேயன்றோ?

ஆகையால் அடுத்த விஜயதசமியன்று பூசையில் வைத்த நூல்களை எடுக்கும்போது, ஒவ்வொரு வீட்டாரும் ஒரு நூலை அப்பெட்டிக்கென ஒதுக்குவார்களாக. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையேற இரு இளைஞர் முன்வருவார்களாக. சீர்காழியிற் பிறந்த அப்பெரியாருக்கு நாம் செலுத்தத் தக்க அஞ்சலி அதுவேயாகும்.