புரியாததைப் புரியவில்லை என்று சொன்னவர்

சங்கீதம் என்பது பெரிய வித்துவான்களுக்கும் பட்டணத்துச் சபாக்களுக்கும் மட்டுமே உரியது என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஒரு விழாவில் கீர்த்தனை ஒன்றைக் கேட்டபோது, பொருள் சிறிதும் விளங்காமலே பலமாகக் கை தட்டினோம். விளங்கவில்லை என்று சொல்ல எங்களுக்கு வெட்கம்! அந்த வெட்கத்தைப் போக்கியது அமரர் கல்கியின் வாழ்க்கை வரலாறு.

'பொன்னியின் செல்வன்' எழுதிய நாவலாசிரியராக கல்கியை அறியாதார் இலர். அவர் சிறந்த இசை விமர்சகர் என்பதைப் பலர் அறியார்.

ரா. கிருஷ்ணமூர்த்தி 1899 செப்டம்பர் 9 அன்று, மயிலாடுதுறைக்கு அருகே புத்தமங்கலம் என்னும் சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். திருச்சியில் படித்துக்கொண்டிருந்தவர், காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்க அழைப்பைக் கேட்டுப் பள்ளியை விட்டு வெளியேறினார். ஓராண்டு சிறையில் இருந்தார். 1923இல் திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து பத்திரிகைத் தொழிலைக் கற்றார்.

பின்னர் எஸ். எஸ். வாசனின் 'ஆனந்த விகட'னுக்கு ஆசிரியர் பொறுப்பேற்றார். அங்கேதான் 'ஆடல் பாடல்' என்னும் பகுதியைக் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் எழுதினார். கர்நாடகம் என்றால் சங்கீதம். பேச்சு வழக்கில் பழம்போக்குடையவர் என்றும் பொருள். தம்மைத் தாமே கேலி செய்துகொண்டு தொடங்கியவர், பெரிய வித்துவான்களின் குறைகளையும் நகைச்சுவையோடு எடுத்துக் காட்டினார். கச்சேரிக்கே போகாத வாசகர்களும் அப்பகுதியை ஆவலோடு படித்தனர்.

அக்காலக் கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்குக் கடைசியில் துக்கடாவாகத்தான் இடம் கிடைத்தது. 1940களில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தமிழிசை இயக்கத்தை முன்னின்று நடத்தினார். இசைக்கு மொழி எதற்கு என்று சங்கீத உலகில் பலர் எதிர்த்தனர். ரசிகமணி டி.கே.சி., இராஜாஜி ஆகியோருடன் கல்கியும் இயக்கத்தின் பக்கம் நின்று, பேனாவை வாளாக்கினார். தியாகராஜரின் கீர்த்தனைகளை அவர் வெறுத்தவர் அல்லர்; அவற்றில் திளைத்தவர். ஆயினும் கேட்போருக்குப் பொருள் விளங்கினால்தான் பாட்டு நெஞ்சில் தங்கும் என்பது அவர் கொள்கை.

வெறும் வாதத்தோடு அவர் நிற்கவில்லை. 1945இல் வெளிவந்த 'மீரா' திரைப்படத்துக்குத் தமிழ்ப் பாடல்கள் எழுதினார். மதுரையில் பிறந்த எம். எஸ். சுப்புலட்சுமி அவற்றைப் பாடினார். எங்கள் ஆலங்குளம் பக்கத்தில் தீப்பெட்டி ஒட்டும் தாய்மார்கள், வானொலியில் தமிழ்ப் பாட்டு வந்தால் கை ஓயாமலே உடன் பாடுவதைக் கண்டிருக்கிறோம். கல்கி யாருக்காக வாதாடினார் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிகிறது.

கொள்கைக்காகப் பதவியை விடவும் அவர் தயங்கவில்லை. 1941இல் விகடனை விட்டு விலகி, தனிநபர் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டு மீண்டும் சிறை சென்றார். விடுதலையானதும் நண்பர் டி. சதாசிவத்துடன் சேர்ந்து, அதே ஆண்டு ஆகஸ்டில் 'கல்கி' வார இதழைத் தொடங்கினார். அவ்விதழின் மூலம் வாசகர்களிடம் நிதி திரட்டி, பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் மணிமண்டபம் எழக் காரணமானார். 1947இல் திறக்கப்பட்ட அம்மண்டபம் எங்கள் ஊருக்கு அதிகத் தொலைவில் இல்லை.

1954 டிசம்பர் 5 அன்று கல்கி மறைந்தார். அவரது 'அலை ஓசை' நாவலுக்கு 1956ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமி பரிசு, அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

அன்புத் தோழியரே! சுரமும் தாளமும் நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் நல்லதை நன்று என்றும், விளங்காததை விளங்கவில்லை என்றும் துணிந்து சொல்ல நம்மால் முடியும். வகுப்பறையில் பாடம் விளங்காதபோதும் தலையசைத்துவிட்டு இருந்துவிடுகிறோமே, இனி அவ்வாறு இராமல் எழுந்து நின்று கேட்போம். அதுவே அமரர் கல்கிக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.